இருபத்தைந்து, ஐம்பது, எழுபத்தைந்து, நூறு

பழைய ஹொண்டா 90 ஒன்றின் ஹெட்டைக் கழற்றி, ப்ளொக்கை மெதுவாக மேலே இழுத்து எடுத்தால் பிஸ்டனின் தலை தெரியும். கறுப்பாகக் கரி பிடித்திருக்கும். மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைத்துப் பாருங்கள், கரிக்கு அடியில் சின்னச் சின்ன எழுத்துக்கள் இருக்கும். அதில் ஓர் எண் இருக்கிறதா என்றுதான் முதலில் தேட வேண்டும். எண் ஒன்றுமே இல்லை என்றால் அந்த சிலிண்டரில் இன்னும் யாரும் கை வைக்கவில்லை. 0.25 என்று இருந்தால் ஒருமுறை தேய்ந்து, ஒருமுறை கடைந்து, கால் மில்லிமீற்றர் பெரிய பிஸ்டன் போட்டிருக்கிறார்கள். பிறகு 0.50, பிறகு 0.75, கடைசியாக 1.00. கராஜில் யாரும் புள்ளி வைத்துப் பேசுவதில்லை. "இது ஐம்பதுல ஓடுது", "எழுபத்தைந்து போயிருச்சு, இனி நூறுதான்" என்றுதான் சொல்லுவாங்க.

நூறுக்குப் பிறகு பிஸ்டன் வராது. சிலிண்டருக்குள்ளே புதிய ஸ்லீவ் இறக்கி, மறுபடி ஆரம்பத்தில் இருந்து தொடங்க வேண்டும்.

இந்த நான்கு எண்களும் கம்பனியின் பார்ட்ஸ் புத்தகத்தில் இருக்கும் வெறும் அளவுகள்தான். ஆனால் ஒரு வண்டி எந்த வருடத்தில் எந்த எண்ணுக்குப் போனது என்று கேட்டுப் பார்த்தால், இலங்கைக்குள் எப்போது சாமான் வந்தது, எப்போது வரவில்லை என்பது சேர்ந்தே வெளியே வரும். புதிது வாங்க முடியாத காலத்தில்தான் பழையதைக் கடைகிறோம். அப்படியான காலங்கள் இந்த நாட்டில் திரும்பத் திரும்ப வந்திருக்கின்றன.

கண்டியிலிருந்து கட்டுகஸ்தோட்டைப் பக்கம் போகும் வீதியில்தான் மஹய்யாவ இருக்கிறது. வெளியூர்க்காரர்களுக்கு அந்தப் பெயர் மயானத்தோடும், மாநகரசபைத் தொழிலாளர் குடியிருப்போடும் சேர்ந்துதான் ஞாபகம் வரும். பிரித்தானியர் காலத்தில் நகரத்தைச் சுத்தமாக வைத்திருக்கத் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளும் கொள்ளுப்பேரப்பிள்ளைகளும் வாழும் இடம் அது. வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டியவை, சரிவில் படிப்படியாக நிற்பவை. கார் நிறுத்த இடமில்லை. மோட்டார் சைக்கிள் ஒன்றை வாசலோடு சாத்தி வைக்கலாம். அதனால் இங்கே இஞ்சின் இறக்குவது என்றால் வாசற்படியில் உரச்சாக்கு ஒன்றை விரித்து, நட்டுகளைப் பழைய பால்மா டின்னில் போட்டு, மழை வருகிறதா என்று ஹந்தானை மலைப்பக்கம் ஒரு கண் வைத்துக்கொண்டு செய்யும் வேலை.

2020 மார்ச்சில் அந்நியச் செலாவணியைக் காப்பாற்றுவதற்காக வாகன இறக்குமதியை அரசாங்கம் நிறுத்தியது. தனியார் பாவனைக்கான வாகனங்கள் மறுபடி உள்ளே வர 2025 பெப்ரவரி ஆனது. அந்த வருடம் பதினெட்டு வயதான ஒரு பொடியன் லைசன்ஸ் எடுத்து, இருபத்திமூன்று வயதாகும் வரைக்கும் கதவு மூடியே இருந்தது. பழைய வண்டிகளின் விலை ஏறியது. வீட்டுப் பின்பக்கத்தில் கோழி அடைந்துகொண்டிருந்த வண்டிகளுக்குக்கூட ஆள் தேடி வந்தது. வெறும் ஓப்பின் பேப்பரோடு, நாலு கை மாறி, யார் பெயரில் இருக்கிறது என்றே தெரியாத வண்டிகள் மீண்டும் வீதிக்கு வந்தன. அவற்றில் பெரும்பாலானவை நீலப்புகை விட்டன.

நீலப்புகை என்றால் எண்ணெய் எரிகிறது. அது எங்கிருந்து வருகிறது என்பதுதான் கேள்வி. எக்ஸிலேட்டரைத் திருகும்போது விடாமல் புகை வந்தால் ரிங்கும் போரும் தேய்ந்திருக்கும். இறக்கத்தில் எக்ஸிலேட்டரை விட்டுவிட்டுப் பிறகு திருகும்போது மட்டும் ஒரு குபுக் புகை வந்தால் வால்வு கைடு. மலைநாட்டில் இந்தச் சோதனைக்கு இறக்கம் தேடி எங்கேயும் போகத் தேவையில்லை. காற்றால் குளிரும் சின்ன இஞ்சின் ஒன்று இரண்டு பேரையும் ஒரு காஸ் சிலிண்டரையும் ஏற்றிக்கொண்டு முதல் கியரில் ஏறும்போது, வேகம் இல்லாததால் காற்றும் இல்லை, சூடு மட்டும் ஏறும். சமதரையில் ஓடும் அதே வண்டியைவிட இங்கே ரிங்குகள் சீக்கிரம் போகின்றன.

எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அளக்க வேலைத்தளங்களில் போர் கேஜ் இருக்கும். வீட்டில் இருக்காது. ஆனால் ஒரு பழைய வழி உண்டு, எனக்கு மிகவும் பிடித்த வழியும் அதுதான். ரிங் ஒன்றைக் கழற்றி சிலிண்டருக்குள் வையுங்கள். பிஸ்டனால் தள்ளி நேராக்குங்கள். ரிங்கின் இரு முனைகளுக்கும் இடையிலான இடைவெளியை ஃபீலர் கேஜால் அளவுங்கள். முதலில் சிலிண்டரின் அடியில், ரிங் உரசாத இடத்தில். பிறகு மேலே, அதிகம் தேயும் இடத்தில். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 3.14ஆல் வகுத்தால் சிலிண்டரின் விட்டம் எவ்வளவு பெருத்திருக்கிறது என்று வரும். அடியில் 0.30, மேலே 0.61 என்றால் வித்தியாசம் 0.31. அதாவது ஏறக்குறைய பத்தில் ஒரு மில்லிமீற்றர் தேய்வு. ரிங் மட்டும் மாற்றிச் சமாளிக்க முடியாது, ரீபோர்தான். பள்ளிக்கூடத்தில் வட்டத்தின் சுற்றளவு படிக்கும்போது 'இது எங்கே உதவப்போகுது' என்று முணுமுணுத்தவர்களுக்கு இதோ.

இந்த இஞ்சின் இங்கே வந்த கதையைக் கொஞ்சம் பார்ப்போம். 1958இல் ஜப்பானில் ஹொண்டா நிறுவனம் சுப்பர் கப் என்ற வண்டியை வெளியிட்டது. சொய்சிரோ ஹொண்டாவின் பங்காளி தகேயோ புஜிசாவா கேட்டது, நூடில்ஸ் கடைப் பையன் ஒரு கையில் தட்டை ஏந்திக்கொண்டு மறுகையால் ஓட்டக்கூடிய ஒரு வண்டி. கிளட்ச் லீவர் இல்லாத அந்த அமைப்பு அங்கிருந்து வந்தது. 50 சிசியில் தொடங்கிய குடும்பம் 1960களின் நடுவில் 90க்கு வந்தது. அந்த ஆரம்பகால சி90 இஞ்சினின் போர் 50 மில்லிமீற்றர், ஸ்ட்ரோக் 45.6, மொத்தம் 89.5 சிசி. நூறுக்குக் கடைந்தால் போர் 51 ஆகி 93 சிசிக்குக் கொஞ்சம் மேலே போகும். "நூறு போட்டா வண்டி பறக்கும்" என்று சொல்பவர்களிடம் இந்தக் கணக்கைக் காட்டலாம். கூடுவது நாலு சிசிகூட இல்லை! 2017இல் சுப்பர் கப் குடும்பத்தின் மொத்த உற்பத்தி பத்துக் கோடியைத் தாண்டியது.

ஆனால் கப் பிறந்த காலத்தில் எங்கள் ஆட்களின் கைக்கு அது வரவில்லை. தோட்டத்தில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் அது சின்னத்துரை வருகிற சத்தம். பிஎஸ்ஏ, ட்ரயம்ப் போன்ற இங்கிலாந்து வண்டிகளின் காலம். லயத்தில் இருந்தவர்கள் அந்தச் சத்தம் கேட்டதும் நிமிர்ந்து வேலை செய்தார்கள், அவ்வளவுதான் அவர்களுக்கும் அந்த இஞ்சினுக்கும் இருந்த உறவு. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி இறுகியபோது இறக்குமதிக் கட்டுப்பாடுகள் வந்தன. 1970க்கும் 1977க்கும் இடையில் சிறிமாவோ அரசாங்கத்தில் அவை உச்சத்துக்குப் போயின. சீனிக்கும் துணிக்கும் வரிசை நின்ற காலத்தில் பிஸ்டனுக்கு யார் டொலர் கொடுப்பார்கள்? இருந்ததை வைத்து ஓட்ட வேண்டும். ஸ்லீவ் போடுவது, வேறொரு இஞ்சினின் பிஸ்டனைக் கடைந்து பொருத்துவது, பெக்கிங்கைக் கட்டியான கடதாசியில் வெட்டிக்கொள்வது எல்லாம் அப்படியான பஞ்சகாலத்துக் கைவேலைகள்.

1977இல் ஜே.ஆர். ஜயவர்தன அரசாங்கம் பொருளாதாரத்தைத் திறந்துவிட்டது. அதன் பிறகுதான் ஜப்பான் வண்டிகள் பெருவாரியாக வந்தன. புதியனவும் வந்தன, அங்கே ஓடிக் களைத்து இங்கே ரீகண்டிஷன் என்ற பெயரில் மறுபிறவி எடுத்தவையும் வந்தன. சி50, சி70, சி90, சிடி125, ஜப்பான் தபால்காரர்களுக்காகவே செய்யப்பட்ட எம்.டி.90. சின்னத்துரையின் சத்தம் ஒரு தலைமுறைக்குள் நகரத் தொழிலாளியின், மரக்கறி வியாபாரியின், வாத்தியாரின் சத்தமாக மாறியது. திறந்த பொருளாதாரம் இந்த நாட்டுக்குச் செய்ததைப் பற்றி எனக்குப் பல முறைப்பாடுகள் உண்டு. இந்த ஒன்றில் மட்டும் அதோடு சண்டை பிடிக்க மாட்டேன்.

ஒரு பக்கக்கதை. பழைய வண்டி வாங்கப் போனால் எண் தகட்டையும் பாருங்கள். நடுவில் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து இருக்கும் தகடுகள் இன்றும் கண்ணில் படும். 1957 ஜனவரியில் அந்த எழுத்தைக் கொண்டுவந்தபோது வடக்கிலும் கிழக்கிலும் எதிர்ப்பு எழுந்தது. அடுத்த வருடம் மலையகத்திலும் தார் பூசும் போராட்டம் பரவியது. 1958 ஏப்ரலில் பொகவந்தலாவையில் பொலிஸ் சுட்டதில் இரண்டு தோட்டத் தொழிலாளர்கள் இறந்தார்கள். வாகனம் எதுவும் சொந்தமாக இல்லாத இருவர் வாகனத் தகட்டு எழுத்துக்காக உயிர் விட்டிருக்கிறார்கள். இன்று அந்தத் தகட்டைக் 'க்ளாசிக்' என்று பளபளப்பாக்கி ஃபோட்டோ போடுகிறோம். போடுங்கள், ஆனால் தெரிந்துகொண்டு போடுங்கள்.

மஹய்யாவ ஊடாகப் போகும் வீதி சாதாரண வீதி இல்லை. அது ஏ9. கண்டியில் தொடங்கி மாத்தளை, தம்புள்ளை, வவுனியா, கிளிநொச்சி என்று யாழ்ப்பாணம் வரைக்கும் போகிறது. இதே வீதியின் மறுமுனையில் இதே இஞ்சின்கள் வேறொரு பாடுபட்டன.

1990 ஜூனில் போர் மறுபடி தொடங்கியதும் வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல், பற்றரி, சீமெந்து என்று நீளமான பட்டியல். பெற்றோல் கிடைத்தால் போத்தல் கணக்கில், யானை விலையில். மண்ணெண்ணெய் மட்டும் ஓரளவு இருந்தது. யாழ்ப்பாணத்து மெக்கானிக்குகள் அதிலேயே வண்டி ஓட்டினார்கள். சின்னப் போத்தல் ஒன்றில் பொத்திப் பொத்தி வைத்திருந்த பெற்றோலைச் சொட்டுச் சொட்டாகக் கார்பரேட்டருக்குள் விட்டு ஸ்டார்ட் செய்வார்கள். இஞ்சின் நன்றாகச் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். குளிர்ந்த இஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது, பற்றாது. சூடான இஞ்சினில் ஓடும்.

இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு இங்கிலாந்தில் செய்த ஃபேர்குசன் ட்ராக்டரில்கூட இதே முறையில் பெற்றோலில் தொடங்கி மலிவான எண்ணெய்க்கு மாறும் ஒரு வகை இருந்தது. எங்கள் கரையோர மீனவர்களின் மண்ணெண்ணெய்ப் படகு இஞ்சின்களும் அந்த ஜாதிதான். ஆனால் அவை அதற்கென்றே குறைந்த கொம்ப்ரஷனில் செய்யப்பட்டவை. ஹொண்டா 90 அப்படிச் செய்யப்படவில்லை. மண்ணெண்ணெயின் ஒக்டேன் பெறுமானம் பெற்றோலின் பாதியைக்கூட எட்டாது. ஏற்றத்தில் இஞ்சின் உள்ளே சுத்தியலால் அடிப்பது மாதிரித் தட்டும். எரியாமல் மிஞ்சும் மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரில் இருக்கும் எண்ணெய்ப் படலத்தைக் கழுவிக்கொண்டு ரிங்குகளைத் தாண்டிக் கீழே இறங்கி, இஞ்சின் ஒயிலோடு கலந்து அதைத் தண்ணியாக்கும். இந்தச் சின்ன இஞ்சின்களில் கியர்களும் கிளட்ச்சும்கூட அதே ஒரு லீற்றருக்கும் குறைவான எண்ணெயில்தான் குளிக்கின்றன. அப்படியானால் தேய்வது பிஸ்டன் மட்டுமா? எல்லாமே தேயும்.

தேய்ந்ததை மாற்றப் பார்ட்ஸும் தடை தாண்டித்தான் வர வேண்டும். ஆகவே பழையதைக் கொண்டு பழையதைத் திருத்தினார்கள். 1995 கடைசியில் யாழ்ப்பாண நகரம் இராணுவத்தின் கைக்குப் போகும் வரைக்கும் அந்த வாழ்க்கை. அதன் பிறகு வன்னிக்குள் அது இன்னும் நீண்டது. அதே வருடங்களில் கண்டியில் பெற்றோல் ஷெட்டில் பெற்றோல் இருந்தது, பஞ்சிகாவத்தையில் பார்ட்ஸ் இருந்தது. ஒரே வீதியின் இரண்டு முனைகள்.

கண்டிக்காரர்களுக்கு அந்த அனுபவத்தின் ஒரு துளி 2022இல்தான் கிடைத்தது. ஜூன் கடைசியில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவுக்குப் போனது. கியூஆர் கோட் முறை தொடங்கியபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். அதில் எண்ணெய் குடிக்கும், பெற்றோலும் குடிக்கும் தேய்ந்த இஞ்சின் வைத்திருப்பவன் கதி என்ன? இறக்குமதி இல்லை, புது வண்டி இல்லை, இருக்கிற பெற்றோலும் அளந்து. இஞ்சின் செய்வது அப்போது சம்பளம் வீட்டுக்கு வருமா இல்லையா என்ற கேள்வியானது. டெலிவரி ஓடுகிற பொடியன்களைக் கேளுங்கள்.

சரி, வாசற்படிக்கு வருவோம். வீட்டில் எல்லாவற்றையும் செய்ய முடியாது. கடைவது லேத்தில்தான். ஆனால் முதலில் பிஸ்டனை வாங்கிக் கையில் கொண்டு போக வேண்டும். கடைகிறவர் அந்தப் பிஸ்டனை அளந்து, அதற்கேற்ப சிலிண்டரைக் கடைவார். இடைவெளி ஒரு மில்லிமீற்றரின் நூறில் இரண்டு மூன்று பங்கு. பிஸ்டன் இல்லாமல் "ஐம்பதுக்குக் கடைஞ்சு வைங்க" என்று சொல்லிவிட்டு வருவது கண்ணை மூடிக்கொண்டு சட்டைக்கு அளவு கொடுப்பது மாதிரி. சந்தையில் இருக்கும் பிஸ்டன்களின் ஐம்பது எல்லாம் ஒரே ஐம்பது இல்லை.

கடைந்து வந்த சிலிண்டரைப் பெற்றோலில் கழுவினால் போதாது. கல்லின் தூள் கண்ணுக்குத் தெரியாத கோடுகளுக்குள் நிற்கும். சவர்க்காரமும் சுடுதண்ணியும்தான் அதை எடுக்கும். வெள்ளைத் துணி உள்ளே போய் வெள்ளையாகவே வெளியே வரும்வரை கழுவி, துடைத்த கையோடு எண்ணெய் பூச வேண்டும். கண்டிக் குளிரில் பத்து நிமிடம் விட்டாலே செம்மஞ்சளாகத் துரு எட்டிப் பார்க்கும்.

இடையில் கொன்ரொட்டைப் பிடித்து மேலும் கீழுமாக ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் ஆடினால் பரவாயில்லை, அது இருக்க வேண்டிய ஆட்டம். மேல் கீழாக ஒரு 'டிக்' கேட்டால் பிக் எண்ட் போய்விட்டது, க்ராங்கைப் பிரித்து அழுத்த ப்ரெஸ் வேண்டும், உரச்சாக்கு வேலை அங்கே முடிந்தது. ஆடவில்லை என்றால் தைரியமாக மேலே போகலாம். ரிங்கில் எழுத்து இருக்கும் பக்கம் மேலே. மூன்று ரிங்கின் வாய்களும் ஒரே நேரில் வரக்கூடாது. பின்னைப் பிடிக்கும் சர்க்ளிப்பைப் போடும்போது கீழே கிடக்கும் வாயைத் துணியால் அடைத்துவிட வேண்டும். இல்லையென்றால் அந்தச் சின்னக் கம்பி உள்ளே விழுந்து, மொத்த இஞ்சினையும் பிரிக்க வைக்கும்.

பிறகு ப்ளொக்கை இறக்க வேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பிஸ்டனை ஆடாமல் பிடித்து விரல்களால் ரிங்குகளை அமுக்க, மற்றவர் ப்ளொக்கை மெல்ல மெல்லக் கீழே விட வேண்டும். ரிங் ஒவ்வொன்றாக உள்ளே போகும்போது வரும் அந்த 'க்ளுக்' இரண்டு பேருக்கும் விரலில் தெரியும். அந்த இரண்டாவது ஆள் பெரும்பாலும் பக்கத்து வீட்டுப் பொடியன். பன்னிரண்டு பதின்மூன்று வயது. "தம்பி, இதைக் கொஞ்சம் பிடி" என்று தொடங்கி, ரெண்டு வருடத்தில் ஃப்ளைவீலின் 'டி' குறியையும் கேம் பல்லின் 'ஓ' குறியையும் நேராக்கி டைமிங் வைக்கத் தெரிந்தவனாகிவிடுவான். எந்தப் புத்தகமும் இல்லாமல் இந்த வித்தை கை மாறுவது அப்படித்தான்.

அந்தப் பிடிக்கிற கை தங்கச்சியின் கையாக இருந்து நான் அதிகம் பார்த்ததில்லை. ஸ்கூட்டி ஓட்டுகிறார்கள், ஸ்பெனர் மட்டும் அவர்களிடம் போவதில்லை. இதற்கு ஒரு நல்ல காரணத்தை இதுவரை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

வாசற்படியின் மொழியும் கவனிக்கத்தக்கது. சிங்களவரோ தமிழரோ, வேலை தெரிந்தவர் 'பாஸ்'. அது ஒல்லாந்தர் விட்டுப்போன சொல். பார்ட்ஸ் கடை முஸ்லிம் ஆளுடையது என்றால் 'நானா'. ஹெட், ப்ளொக், போர், ரிங் மூன்று மொழியிலும் அதேதான். இந்த நகரத்தில் மொழி ஒரு சண்டைக்காரணம் ஆகாத இடங்களை எண்ணினால் கராஜ் முதல் வரிசையில் வரும்.

இந்த வேலைக்கு அரசாங்கத்தின் கணக்கில் மதிப்பு இல்லாமலும் இல்லை. என்.வி.கியூ. முறையில், வேலை செய்தே பழகியவர்களின் திறமையைச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கும் வழி உண்டு. வெளிநாட்டு வேலைக்கும் கடனுக்கும் அந்தக் கடதாசி உதவும். முப்பது வருடம் இஞ்சின் செய்த ஒருவரை 'படிக்காத ஆள்' என்று நாங்களே சொல்லிப் பழகியிருப்பதால், அவரும் அந்தக் கதவைத் தட்டுவதில்லை. மாநகரசபைத் தொழிலாளியின் மகனுக்கு இன்னொரு சுமையும் உண்டு. வேலை கேட்டுப் போகும் இடத்தில் முகவரி எழுதியதும் பார்வை மாறும். இஞ்சின் அப்படிப் பார்ப்பதில்லை. மஹய்யாவ பொடியன் செய்த வண்டி நீலப்புகை விடாமல் ஏறினால், சொந்தக்காரர் அடுத்த வண்டியையும் அவனிடமே கொண்டு வருவார்.

கடைந்த இஞ்சினை முதல் 500 கிலோமீற்றர் பொறுமையாக ஓட்ட வேண்டும். ஒரே வேகத்தில் நெடுந்தூரம் கூடாது, பாரம் கூடாது, திணறவிட்டு ஏற்றம் ஏறக்கூடாது. மஹய்யாவயில் இருந்துகொண்டு ஏற்றம் இல்லாமல் எங்கே போவது? ஆட்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். விடிய ஐந்தரைக்கு, பஸ்கள் மொய்க்கும் முன்னர், கட்டுகஸ்தோட்டைக்கு இறங்கி, பாலம் தாண்டி, அக்குறணை, அலவத்துகொட பக்கம் மெதுவாக ஒரு சுற்று. அங்கே ஒரு ப்ளேன்டீ குடித்து, ஹெட்டில் கை வைத்துச் சூடு பார்த்து, இஞ்சின் ஆறும்வரை இருந்துவிட்டு, வெயில் ஏறும் முன் திரும்ப வேண்டும். பாலத்திலிருந்து மேலே ஏறும்போது மட்டும் பின்னால் இருப்பவர் இறங்கி பஸ்ஸில் வருவார்.